பண்ணைக் கருவிகள் கேள்வி–பதில்: தோப்பில் ஸ்லாஷர் ஒரு பக்கம் சாய்வது ஏன்?

கேள்வி: ஆனைமலை அருகே எங்களுக்கு 6 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 24 குதிரைத்திறன் மினி டிராக்டரில் 4 அடி ஸ்லாஷரை மாட்டிப் புல் வெட்டுகிறோம். இரண்டு மாதங்களாக இடப்பக்கம் மண்ணைச் சுரண்டும் அளவுக்குத் தாழ்ந்து ஓடுகிறது. வலப்பக்கம் மூன்று விரற்கடை உயரத்துக்குப் புல் நின்றுவிடுகிறது. மேலே தூக்கி நிறுத்தினாலோ, அதே ஸ்லாஷர் வலப்பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. வலப்பக்க லிஃப்ட் ராடைத் திருகித் திருகி மரை முடியும் இடத்துக்கே வந்துவிட்டோம். பார்க்க வந்த மெக்கானிக் டாப் லிங்கை இறுக்கச் சொன்னார்; இறுக்கியும் பயனில்லை. கடந்த சித்திரையில் இடப்பக்க லிஃப்ட் ராடின் ஆணி ஒடிந்து புதியது போட்டதைத் தவிர வேறு எந்த மாற்றமும் நாங்கள் செய்யவில்லை.
– வாசகர், ஆனைமலை

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்த ஆணியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும், லோயர் லிங்க் என்று நாம் சொல்லும் இரண்டு கீழ்க்கைகளில், அவற்றைத் தூக்கும் லிஃப்ட் ராடு மாட்டுவதற்குப் பல மினி டிராக்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் உண்டு. ஸ்லாஷரை ஒட்டிய பின்துளையில் மாட்டினால் தூக்கும் வலு கூடும், உயரம் குறையும். டிராக்டரை ஒட்டிய முன்துளையில் மாட்டினால் உயரம் கூடும், வலு குறையும். புதிய ஆணி போட்டவர் இடப்பக்க ராடை முன்துளையில் மாட்டியிருந்து, வலப்பக்க ராடு பழையபடி பின்துளையிலேயே இருந்தால், லிவரை அசைக்கும் ஒவ்வொரு முறையும் இடக்கை வலக்கையைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். இடையில் ஏதோ ஓர் உயரத்தில் மட்டும் இரண்டும் சமமாக நிற்கும். அதற்குக் கீழே இடப்பக்கம் தாழ்ந்திருக்கும், அதற்கு மேலே வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். காற்று குறைந்த டயரோ வளைந்த ராடோ காரணமாக இருந்தால், தூக்கினாலும் இறக்கினாலும் ஒரே பக்கம்தான் சாயும், பக்கம் மாறாது. ஆகவே முதலில் டிராக்டருக்குப் பின்னால் குனிந்து, இரண்டு பக்கத்து ஆணிகளும் ஒரே வரிசைத் துளையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளைகள் வேறாக இருக்கும்வரை, ராடை எவ்வளவு திருகினாலும் ஓர் உயரத்துக்கு மட்டுமே சமன் கிடைக்கும்.

டாப் லிங்க் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை தவறானது. டிராக்டரையும் ஸ்லாஷரையும் மேலே நடுவில் இணைக்கும் டாப் லிங்க், முன்பின் சாய்வை மட்டுமே மாற்றும். இடவலச் சாய்வுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தயவுசெய்து அதைப் பழைய நீளத்துக்கே தளர்த்தி விடுங்கள். இறுக்கிய நிலையில் ஓட்டினால் என்ன கெடுதல் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஆணிகளைச் சரிசெய்தபின் முழு அளவெடுப்பையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இதற்கு உங்கள் பகுதியில் தோப்புக்குத் தோப்பு இருக்கும் கொப்பரைக் களத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது. மழைநீர் வடிவதற்காகக் களத்தை ஒரு பக்கம் லேசாகச் சரித்துக் கட்டியிருப்பார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏனென்றால் நாம் அளக்கப்போவது கத்திக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைத்தான். தரை பள்ளம் மேடு இல்லாமல் ஒரே தளமாக இருந்தால் போதும். டிராக்டரின் இரண்டு பின் டயர்களிலும் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்பிக்கொள்ளுங்கள். காற்று மாறினால் நீங்கள் செய்யும் எல்லா அளவும் மாறிவிடும் என்பதால் இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். எஞ்சின் விசையை ஸ்லாஷருக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கைபிரேக் போட்டபின்தான் ஸ்லாஷருக்கு அருகில் செல்ல வேண்டும். அடியில் கைவிடும்போது ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாதீர்கள். நான்கு மூலைகளிலும் கனமான மரக்கட்டைகளைக் கொடுத்து, அவை வெறும் காவலாக நிற்கும்படி வையுங்கள்.

பின்பு தடிமனான கையுறை அணிந்து கத்திகளை மெல்லச் சுழற்றி, ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் நேராக நீட்டி நிற்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு கத்தி நுனியிலிருந்தும் தரைவரை அளவுகோலை நிறுத்தி அளந்து, சுண்ணக்கட்டியால் தரையிலேயே எழுதி வையுங்கள். கத்தியே வளைந்திருக்கலாம் என்பதால், அரைச்சுற்று சுற்றி, இட நுனி இருந்த இடத்துக்கு வல நுனியைக் கொண்டுவந்து இன்னொரு முறை அளப்பது நல்லது. ஒரே இடத்தில் இரண்டு கத்திகளும் வேறு வேறு அளவு காட்டினால், குறை கத்தியிலோ அதன் தண்டிலோ இருக்கிறது, இணைப்பில் இல்லை. கத்திகளை மூடியிருக்கும் தகட்டின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டாம். மட்டையிலும் வரப்பிலும் இடித்து இடித்து அந்த விளிம்பு வளைந்துபோயிருக்கும்; புல்லை வெட்டுவது கத்திதான், எனவே கத்தியைத்தான் அளக்க வேண்டும்.

இடப்பக்க லிஃப்ட் ராடு பல டிராக்டர்களில் மாறாத நீளம் உடையது. உங்களுடையது மரை உள்ளதாக இருந்தால் கையேடு சொல்லும் நீளத்தில் அதை நிறுத்திவிட்டு, அதன்பின் தொடாதீர்கள். சமன் செய்வது முழுக்க வலப்பக்க ராடில்தான். அங்கே அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகுங்கள். ஏன் இவ்வளவு நிதானம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கீழ்க்கையின் பாதித் தூரத்தில் ராடு மாட்டப்பட்டிருந்தால், ராடை 10 மி.மீ. நீட்டும்போது கையின் முனை சுமார் 20 மி.மீ. இறங்கும். உங்கள் அளவு டிராக்டர்களின் இணைப்பில் இரண்டு கீழ் ஆணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 683 மி.மீ. இருக்கும், 4 அடி ஸ்லாஷரின் வெட்டும் அகலம் 1,200 மி.மீ. அளவு. எனவே அந்த 20 மி.மீ. கத்தி நுனிகளுக்கிடையே 35 மி.மீ. வேறுபாடாக வந்து நிற்கும். ராடில் ஒரு சென்டிமீட்டர் திருகியது, புல்லில் மூன்றரை சென்டிமீட்டராகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு நுனிகளின் அளவும் 3 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் போதுமானது. அதற்குமேல் துல்லியம் தோப்பு மண்ணில் பயன்படாது. முடிந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். இந்த நட்டை விட்டுவிட்டு, மறுவாரமே மீண்டும் சாய்ந்துவிட்டது என்று வருந்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி முன்பின் சாய்வு. கத்திகளை இப்போது முன்னும் பின்னுமாக நிறுத்தி அளந்தால், முன் நுனி பின் நுனியைவிட அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது முன்னே ஒருமுறை வெட்டப்பட்ட புல்லைப் பின்னே சுற்றிவரும் கத்தி மறுபடி தொடாது. எஞ்சினுக்கும் சுமை குறையும், புல் கட்டியாகக் குவியாமல் பரவி விழும். காய்ந்த மட்டையையும் முரட்டுச் செடிகளையும் நன்றாக நறுக்க வேண்டுமானால் மட்டும் பின்பக்கத்தைச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ வைக்கலாம். அப்போது வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தும் முன்பக்கம் உயர்ந்தும் இருக்கும் ஸ்லாஷரில் அன்றாடம் புல் வெட்டுவது டீசலை வீணாக்குவதுதான்.

இந்த முன்பின் அளவை எதைக் கொண்டு வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள, கீழ்க்கைகள் இரண்டும் டாப் லிங்கும் சேர்ந்த இந்த மும்முனை இணைப்பு எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் 1920களில் இதைக் கலப்பைக்காக உருவாக்கினார். 1939இல் ஹென்றி ஃபோர்டின் டிராக்டரோடு சேர்ந்து வந்தபின் உலகம் முழுவதும் பரவியது. அவர் பெயர் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்களை 1960களிலிருந்து சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்து வந்ததால், நம் ஊர் உழவர்களுக்கும் இந்த மும்முனை இணைப்பு இரண்டு தலைமுறைப் பழக்கம். கலப்பை மண்ணுக்குள் இருக்கிறது; மண் அதைப் பின்னுக்கு இழுக்கிறது; அந்த விசை டாப் லிங்க் வழியாக டிராக்டரை முன்னோக்கி அழுத்துகிறது. ஆகவே கலப்பைக்கு மூன்று முனைகளும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்லாஷரோ மண்ணைத் தொடக் கூடாத கருவி. பின்னால் வால் சக்கரம் ஒன்றைக் கொண்டு, நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானாக ஏறி இறங்க வேண்டிய கருவி. கலப்பையை மாட்டுவதுபோல ஸ்லாஷரை இறுக்கினால் அது சமமாக ஓடாது. டிராக்டரின் முன்சக்கரம் ஒரு வரப்பில் ஏறும்போதே பின்னால் கத்தி மண்ணில் இறங்கிவிடும்.

எனவே முன்பக்க உயரத்தைக் கீழ்க்கைகள் தீர்மானிக்கட்டும். பின்பக்க உயரத்தை வால் சக்கரம் தீர்மானிக்கட்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில், ஸ்லாஷரின் சட்டத்தில் முன்னும் பின்னும் ஆடக்கூடிய இரட்டைப் பட்டை ஒன்று இருக்கும். களத்தில் வெட்டும் உயரத்தில் நிற்கும்போது, அந்தப் பட்டை முன்னாலும் முட்டாமல் பின்னாலும் முட்டாமல் நடுவில் நிற்கும்படி டாப் லிங்கின் நீளத்தை வைத்தால் வேலை முடிந்தது. டாப் லிங்கைக் கையால் பிடித்து அசைத்தால் அசைய வேண்டும். உங்களிடம் இறுக்கச் சொன்னபோது நடந்தது என்னவென்றால், வால் சக்கரம் தரையைவிட்டு எழுந்து, ஸ்லாஷரின் முழுப் பளுவும் ஹைட்ராலிக்கின் மேல் தொங்கத் தொடங்கியது. இடப்பக்கம் மண்ணைச் சுரண்டியது இதனால் இன்னும் மோசமாகியிருக்கும். உங்கள் ஸ்லாஷரில் அந்த ஆடும் பட்டையே இல்லையென்றால், யாரோ கழற்றி வைத்திருக்கலாம், தேடிப் பொருத்துங்கள்.

கீழ்க்கைகளின் இருபுறமும் உள்ள செக் செயின்களையும் பாருங்கள். ஸ்லாஷரைக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் ஓர் அங்குலம் அளவுக்கு ஆடலாம். அதற்குமேல் ஆடினால் திருப்பங்களில் ஒருபுறமாக ஒதுங்கி, டயர் மிதித்த புல் வெட்டப்படாமல் நிற்கும். இரு சங்கிலிகளும் சமமாக இருந்தால்தான் பி.டி.ஓ. தண்டு நேர்கோட்டில் வரும்.

இவ்வளவு செய்தபின்னும் தோப்பில் ஒரு சாய்வு தெரியும். தென்னையைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்திருப்பீர்கள். அதன் விளிம்பில் ஒரு பின்சக்கரம் ஏறும்போது டிராக்டர் சாயும், அதோடு ஸ்லாஷரும் சாயும். இது இணைப்பின் குறையல்ல. 25 அடி இடைவெளியுள்ள தோப்பில் நடுத்தடத்தை முதலில் ஓட்டிவிட்டு, பாத்தியின் விளிம்பை அடுத்த சுற்றில் சற்று உயர்த்திப் பிடித்து ஓட்டுங்கள். பாத்திக்குள் இருப்பதைக் கையால் செதுக்குவதே நல்லது. வேர்களுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: வெட்டத் தொடங்கும்போது சரியாக இருக்கும் உயரம், அரை மணி நேரத்தில் தானாகக் குறைந்துவிடுகிறது. சில இடங்களில் திடீரென்று மேலே எழுந்து, அலை அலையாக வெட்டுகிறது. ஹைட்ராலிக் பம்பை மாற்ற வேண்டுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பம்பைத் தொட வேண்டாம். இரண்டு வேறு குறைகளை ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். அலை அலையாக எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் டிராஃப்ட் கன்ட்ரோல் லிவர். உழும்போது கலப்பை ஆழமாக இறங்கினால், டாப் லிங்கில் அழுத்தம் கூடுவதை உணர்ந்து, அதைத் தானாகச் சற்றுத் தூக்கிவிடுவதுதான் அந்த ஏற்பாட்டின் வேலை. ஸ்லாஷரின் வால் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினாலும் அதே டாப் லிங்க் அழுத்தப்படுகிறது. கலப்பை ஆழம் போய்விட்டது என்று எண்ணி, ஹைட்ராலிக் அதைத் தூக்கிவிடுகிறது. கடைசியாக உழுதவர் லிவரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். புல் வெட்டும்போது டிராஃப்ட் லிவரைக் கையேட்டில் சொல்லியுள்ள செயலற்ற நிலையில் வைத்துவிட்டு, கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோல் லிவரை மட்டும் பயன்படுத்துங்கள்.

மெல்ல மெல்ல இறங்குவது உள்ளே எண்ணெய் கசிவதால். பழைய டிராக்டர்களில் இது இயல்பு; எஞ்சின் ஓடும்போது பொசிஷன் கன்ட்ரோல் அதை ஈடுசெய்ய வேண்டும், செய்யவில்லை என்றால் எண்ணெயின் அளவையும் வடிகட்டியையும் பாருங்கள். அதற்குமுன் எளிய வழி ஒன்று உண்டு. டிராக்டரின் டாப் லிங்க் தாங்கியிலிருந்து ஸ்லாஷரின் முன்சட்டத்தின் இரு பக்கங்களுக்கும் ஒரே நீளத்தில் இரண்டு வலுவான சங்கிலிகளை மாட்டி, தேவையான உயரத்தில் அவை விறைத்து நிற்கும்படி வையுங்கள். லிவரை முழுவதும் இறக்கிவிட்டால், முன்பக்கப் பளுவைச் சங்கிலியே தாங்கும். ஹைட்ராலிக் எவ்வளவு கசிந்தாலும் உயரம் மாறாது. மேட்டில் ஏறும்போது சங்கிலி தளர்ந்து கொடுப்பதால் ஸ்லாஷர் தாராளமாக எழும்பும். இரு சங்கிலிகளிலும் கண்ணிகளை எண்ணி மாட்டுங்கள். ஒரு கண்ணி வேறுபட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: கல்லூரி விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கிறேன். நான்கு மூலைகளிலும் சக்கரம் உள்ள, மூன்று கத்திப் புல்வெட்டியை மினி டிராக்டரில் ஓட்டுகிறோம். வெட்டிய புல்லில் படிக்கட்டுபோல நீளக் கோடுகள் தெரிகின்றன.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த வகைக் கருவியில் உயரத்தை டிராக்டரின் இணைப்பு தீர்மானிக்கவே கூடாது, நான்கு சக்கரங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். லிவரை முழுவதும் இறக்கி, நான்கு சக்கரங்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் கையால் சுழற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றும் சக்கரம் பளுவைத் தாங்கவில்லை. அப்படி ஒரு சக்கரம் இருந்தால், டாப் லிங்க் இறுகியிருக்கிறது அல்லது கீழ்க்கை ஒன்று உயர்த்திப் பிடித்திருக்கிறது. சில டிராக்டர்களில் லிஃப்ட் ராடின் கீழ்முனையில் வட்டத் துளையோடு நீள்துளையும் இருக்கும். நீள்துளையில் மாட்டினால் கருவி இடவலமாகச் சற்றே ஆட இடம் கிடைக்கும். மைதானத்துக்கு நீள்துளையும், ரொட்டவேட்டருக்கு வட்டத் துளையும் பொருந்தும்.

சக்கரத் தண்டுகளில் உள்ள வளையங்களை எண்ணி, இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையில் வையுங்கள். முன்பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அதன் பிறகும் படிக்கட்டு தெரிந்தால், கோடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். எல்லாப் படிகளும் ஒரே திசையில் இறங்கினால் கருவி முழுவதுமே சாய்ந்திருக்கிறது. ஒரு கத்தியின் தடம் மட்டும் தனியே தாழ்ந்தால் அந்தக் கத்தியோ அதன் தண்டோ வளைந்திருக்கிறது. அதை இணைப்பில் திருகிச் சரிசெய்ய முயன்றால் மற்ற இரண்டு கத்திகளின் வெட்டும் கெடும்.

கேள்வி: சமன் செய்தபின் ஸ்லாஷரைத் தூக்கும்போதெல்லாம் பி.டி.ஓ. தண்டு கடகடவென்று சத்தம் போடுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இணைப்பின் நீளங்களை மாற்றும்போது தண்டின் கோணமும் நீளமும் சேர்ந்தே மாறும். அதிகம் தூக்கினால் தண்டின் கணுக்கள் அளவுக்கு மீறி மடங்கும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். கணு உடைந்தால் நிமிடத்துக்கு 540 சுற்றில் சுழலும் இரும்புத் தண்டு ஒன்று ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அவிழ்கிறது என்பதை மறக்க வேண்டாம். வரப்பைத் தாண்டத் தூக்கும்போது பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டுத் தூக்குங்கள். லிவருக்கு மேல்வரம்பு வைக்கும் நிறுத்தி இருந்தால், தண்டு ஸ்லாஷரின் முன்விளிம்பில் உரசாத உயரத்தில் அதை வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, மிகத் தாழ்ந்த நிலையிலும் மிக உயர்ந்த நிலையிலும் தண்டின் இரு குழாய்களும் எவ்வளவு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கின்றன என்று பாருங்கள். மிக நீண்டு நிற்கும் நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். மிகக் குறுகி நிற்கும் நிலையில் அடிமுட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். மேலுறை உடைந்திருந்தால் புதியது போட்டபின் ஓட்டுங்கள். கல்லையோ குரும்பையையோ ஸ்லாஷர் 100 மீட்டர்வரைகூட எறியக்கூடும் என்பதால், சத்தம் நின்றுவிட்டதா என்று சோதிக்கும் அந்த ஐந்து நிமிடத்திலும் அருகில் ஆட்களை நிறுத்தி வைக்க வேண்டாம்.